‘காஞ்சனை’க்குள் ஒளிந்திருப்பது யார்?

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வகுப்பில் எடுத்த எந்த ஆசிரியரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்: “டீச்சர், கடைசியில அவ பேயா இல்லையா?” ஈசூனில் நான் பாடம் எடுக்கும் உயர்நிலை மாணவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். கதையின் பெயரைச் சொன்னதுமே பாதிப் பேருக்கு 2011இல் வந்த ‘காஞ்சனா’ திரைப்படம்தான் நினைவுக்கு வருகிறது. பேய் வரும், பழிவாங்கும், கடைசியில் காரணம் தெரியும் என்ற எதிர்பார்ப்போடுதான் உட்காருகிறார்கள். கதை முடிந்ததும், “அவ்வளவுதானா?” என்ற முகத்தோடு நம்மைப் பார்க்கிறார்கள்.

அந்த முகத்தைக் கண்டதும் நம்மில் பலர் ஒரு பதிலைக் கொடுத்துச் சமாதானப்படுத்திவிடுகிறோம். “பேய் என்பது மனப்பிரமை. மூடநம்பிக்கையைச் சாடவே ஆசிரியர் இதை எழுதினார்.” மாணவர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வுத்தாளிலும் அது அப்படியே வந்து நிற்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கதையைப் பற்றிச் சொல்லக்கூடிய பதில்களில் மிகவும் பலவீனமானது இதுதான். மூடநம்பிக்கையைச் சாடும் கதை என்றால், முடிவில் பேய் இல்லை என்று நிரூபணம் ஆக வேண்டும் அல்லவா? ‘காஞ்சனை’யில் அப்படி எதுவும் ஆவதில்லை. பேய் உண்டு என்றும் நிரூபணம் ஆவதில்லை. இரண்டு கதவையும் ஆசிரியர் திறந்தே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

அப்படியென்றால் இதில் உட்பொருள் என்று எதைச் சொல்வது? இந்தக் கட்டுரையில் அதைத்தான் உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன். கதை உங்கள் பாடநூல் பட்டியலில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அறியாத சிறுகதையைப் படித்துக் கருத்து எழுத வேண்டிய மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி உதவும்.

கதை, சுருக்கமாக

‘காஞ்சனை’ 1943இல் ‘கலைமகள்’ இதழில் வந்தது. கதையைச் சொல்பவர் ஓர் எழுத்தாளர். நள்ளிரவில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் மனைவி தூங்குகிறாள்; அவள் கர்ப்பிணி. திடீரென்று பிணவாடை அடிக்கிறது. ஊதுவத்தி மணமும் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

மறுநாள் வாசலில் ஒரு பெண் பிச்சை கேட்டு வருகிறாள். மனைவி அவளை வீட்டோடு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவள் பெயர் காஞ்சனை. அவள் பார்வையும் சிரிப்பும் அவரை நடுங்கவைக்கின்றன. அவள் கால் தரையில் பதிகிறதா என்றுகூடப் பார்க்கிறார். காஞ்சனையோ மனைவிக்குக் கதை சொல்கிறாள். மனைவியும் ஆசையாகக் கேட்கிறாள். பிறகு ஓர் இரவில் மனைவியின் கழுத்தருகே இரத்தம் தெரிகிறது. தெருவில் வரும் ஜாமக்கோடங்கி, அதாவது நள்ளிரவில் வந்து குறி சொல்பவர், திருநீறு கொடுத்து மனைவியின் நெற்றியில் இடச் சொல்கிறார். அவரும் இடுகிறார். மூன்று நாள் கழித்து, காலையில் காப்பி கொடுக்கும்போது மனைவி ஆண்கள் எல்லாரைப் பற்றியும் ஒரே வரியில் ஒரு தீர்ப்புச் சொல்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கணவர் நிற்கிறார். கதை முடிந்துவிடுகிறது.

ஒரு பேய்க்கதை, பேயைப் பற்றிய வரியோடு முடியாமல், ஆண்களைப் பற்றி மனைவி சொல்லும் வரியோடு முடிகிறது. இதை மாணவர்கள் கவனிக்கும்படி செய்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

‘உட்பொருள்’ என்றால் பெட்டிக்குள் பூட்டிய பொருள் அல்ல

நம் மரபுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பேசுகிறது. தலைவி நேராகச் சொல்லாததை மரமும் விலங்கும் பறவையும் நமக்குச் சொல்லிவிடும். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். உட்பொருள் பாடலுக்கு வெளியிலிருந்து வருவதில்லை. பாடலுக்குள்ளேயே இருக்கும் கருப்பொருளிலிருந்துதான் வருகிறது. ‘காஞ்சனை’ அகப்பாடல் அல்லதான். ஆனால் இந்த ஒழுங்கு சிறுகதைக்கும் பொருந்தும். கதையில் இருக்கும் ஒரு பொருளை, ஒரு மணத்தை, ஒரு செயலைத் தொட்டுக் காட்ட முடியாத உட்பொருள் நம்முடைய ஊகம் மட்டுமே.

மேலை இலக்கியத்தில் ‘கோதிக்’ என்று ஒரு வகை உண்டு. 1764இல் ஹொரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலிலிருந்து அதைத் தொடங்குவது வழக்கம். பாழடைந்த கோட்டை, இருட்டு, இரகசியம், ஆபத்தில் இருக்கும் ஒரு பெண், இதெல்லாம் அதன் சரக்கு. புதுமைப்பித்தனுக்கு இந்த வகை அந்நியமானது அல்ல. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

ஆனால் ‘காஞ்சனை’யில் கோட்டை கிடையாது. படுக்கையில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் தூரத்தில் மின்விளக்கு இருக்கும் வீடு. நம் வீவக வீட்டுப் படுக்கையறை மாதிரிதான். சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வந்துவிடும். அந்த எழுத்தாளரும் தட்டுகிறார், வெளிச்சம் வருகிறது. பிறகு அவரே அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்கிறார். இருட்டில் இருப்பது அவருக்கு நிம்மதியாம். பயப்படப் போகிறவர் தானே விளக்கை அணைக்கிறார் என்பதை அடிக்கோடு போட்டு வையுங்கள்.

முதல் வாசிப்பு: சொல்பவரை நம்பலாமா?

கதையின் தொடக்கத்திலேயே அவர் தன் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறார். தான் கதை கட்டிப் பிழைப்பவர், பத்திரிகைகள் பொறுத்துக்கொள்ளும் பொய்யை எழுதுபவர் என்பதே அவர் தரும் அறிமுகம். நள்ளிரவில் வேதாந்த விசாரம் வருகிறது. உடனே தன் செரிமானத்தின் மீதே சந்தேகப்படுகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். மாணவர்களும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்றைக் கேளுங்கள்: “தான் பொய் சொல்லிப் பிழைப்பவன் என்று முதல் பக்கத்திலேயே சொல்பவர், அடுத்த பக்கத்தில் பிணவாடை அடித்தது என்றால் நம்புவீர்களா?”

காஞ்சனையின் முகத்தை, சிரிப்பை, நடையை நாம் நேராகப் பார்ப்பதே இல்லை. எல்லாம் இந்த ஒருவரின் கண் வழியாகத்தான் நமக்கு வருகின்றன. கால் தரையில் பதியாதது போலத் தோன்றியது. மறுபடி பார்த்தால் பதிந்திருந்தது என்கிறார். அவளைச் சந்தேகிக்க முதல் பார்வை; தன்னையே சந்தேகிக்க இரண்டாவது பார்வை. கதை முழுக்க இதே ஆட்டம்தான். பிரெஞ்சுத் திறனாய்வாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் எழுதிய நூலில் இதற்கு ஓர் இலக்கணமே சொன்னார்: நடப்பது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் முடிவெடுக்க முடியாமல் தயங்கும் அந்த இடைவெளிதான் இவ்வகைக் கதையின் உயிர். முடிவெடுத்துவிட்டால் கதை வேறு வகைக்குப் போய்விடும். ‘காஞ்சனை’ கடைசி வரை நம்மைத் தயங்கவே வைக்கிறது. அதனால்தான் “பேயா இல்லையா” என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுதும் மாணவர் கதையின் உயிரையே எடுத்துவிடுகிறார்.

இங்கே இன்னொரு நயமும் இருக்கிறது. அந்த வீட்டில் கதை சொல்பவர் ஒருவர்தான் இருந்தார். காஞ்சனை வந்த பிறகு இரண்டு பேர். மனைவி யாருடைய கதையை ஆசையோடு கேட்கிறாள்? புதிதாக வந்த வேலைக்காரியின் கதையை. எழுத்தாளரின் பயத்தில் கொஞ்சம் தொழில் போட்டியும் கலந்திருக்கிறதோ என்று நான் சந்தேகப்படுகிறேன்.

இரண்டாவது வாசிப்பு: வாசலில் நின்ற பசி

கதை வந்த ஆண்டை மறுபடி பாருங்கள்: 1943. முந்தைய ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்து பர்மாவும் போனது. சென்னை மாகாணத்துக்குப் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் சென்னை நகரமே பாதி காலியானது. 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். நம் ஊரில் தாத்தா பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு உயிர் வாழ்ந்த காலமும் அதுவே.

அந்தக் காலத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்று கேட்பது என்ன? வயிற்றுக்குச் சோறு, மானத்துக்குத் துணி. மனைவி வேலைக்குப் பேசும்போதும் கொடுப்பதாகச் சொல்வது அந்த இரண்டைத்தான், சோறும் துணியும். சம்பளம் என்ற பேச்சே இல்லை. வந்தவளும் அதுவே போதும் என்கிறாள். இதில் பயங்கரம் எங்கே இருக்கிறது? கால் தரையில் பதியாததிலா, அல்லது உழைக்கத் தெம்புள்ள ஒரு பெண் சோற்றுக்கும் துணிக்கும் தன்னையே கொடுக்கச் சம்மதிப்பதிலா?

‘காஞ்சனை’ என்ற பெயரையும் பாருங்கள். காஞ்சனம் என்றால் பொன். ஒன்றுமே இல்லாதவளுக்குப் பொன் என்று பெயர். அந்தப் பெயரும் அந்தத் தோற்றமும் ஒட்டவில்லை என்பதும் அவரை உறுத்துவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பிச்சைக்காரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு நமக்குள் இருக்கிறது. தலைகுனிய வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. காஞ்சனை கண்ணைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். அதுவே அவருக்குக் குலைநடுக்கமாகிவிடுகிறது.

சிங்கப்பூர் வகுப்பில் இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். இங்கே 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். நம் மாணவர்கள் பலரை வளர்த்ததே அந்தக் கைகள்தான். வீட்டுக்குள் வந்து தங்கும் ஓர் அந்நியப் பெண், நம் குடும்பத்தின் அந்தரங்கத்தை எல்லாம் பார்க்கும் பெண், அவளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்ற கூச்சமும் சந்தேகமும் நமக்குப் புரியாததல்ல. “உங்கள் வீட்டுப் பணிப்பெண் கோணத்தில் இந்தக் கதையை எழுதினால் எப்படி இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு வரும் பதில்கள் எந்தத் துணைப்பாட நூலிலும் கிடைக்காதவை.

மூன்றாவது வாசிப்பு: இரண்டு பெண்களும் ஓர் ஆணும்

என்னைக் கேட்டால், கதையின் கடைசி வரிக்கு நியாயம் செய்வது இந்த வாசிப்புதான்.

மனைவி கர்ப்பிணி. அடிக்கடி இளைப்பு வருகிறது. வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. பேச்சுத்துணையும் இல்லை, கணவரோ நள்ளிரவில் வேதாந்தம் யோசிப்பவர். அவளுக்குத் துணை தேவைப்படுகிறது. அதை அவளே தேடிக்கொள்கிறாள். கணவரைக் கலந்துகொள்கிறாள் என்றாலும் முடிவு அவளுடையதாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் அவள் எடுக்கும் பெரிய முடிவு அது ஒன்றே. கணவர் காஞ்சனையைக் கண்டு அஞ்சுகிறார், மனைவி அஞ்சவில்லை. இரண்டு பெண்களும் சேர்ந்து பேசுகிறார்கள், கதை கேட்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் கணவருக்கு இடமில்லை.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கதை ஒன்று இருக்கிறது. அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபனுவின் ‘கார்மில்லா’, 1871-72இல் வெளிவந்தது. தனிமையில் வாழும் லாரா என்ற பெண்ணின் வீட்டுக்கு, வண்டி விபத்துக்குப் பிறகு ஓர் இளம்பெண் விருந்தாளியாக வந்து தங்குகிறாள். இருவரும் நெருங்குகிறார்கள். லாரா உடல்நலம் குன்றுகிறாள். வந்தவள் இரத்தம் குடிப்பவள் என்று தெரியவருகிறது. ஆண்கள் கூடி அவளை அழிக்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் லாராவுக்கு அவள் காலடிச் சத்தம் கேட்பது போலவே இருக்கிறது.

அந்நியப் பெண், தனிமையில் இருக்கும் பெண், இரத்தம், ஆண்களின் பரிகாரம் என எவ்வளவு ஒற்றுமை பாருங்கள். புதுமைப்பித்தன் இதைப் படித்தாரா என்ற ஆராய்ச்சி நமக்கு இங்கே வேண்டாம். வேற்றுமைதான் முக்கியம். ‘கார்மில்லா’வைச் சொல்வது லாரா. அதனால் அவளுடைய பயமும் தெரிகிறது, பிரியமும் தெரிகிறது. ‘காஞ்சனை’யைச் சொல்வது கணவர். மனைவிக்குக் காஞ்சனையிடம் இருந்த பிரியம் எப்படிப்பட்டது என்பது நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. கதையின் பெரிய இரகசியம் எது என்று என்னைக் கேட்டால், பேயை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இப்போது திருநீற்றுக்கு வருவோம். ஜாமக்கோடங்கி ஓர் ஆண். அவர் கொடுக்கிறார், இன்னோர் ஆண் வாங்குகிறார், தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் நெற்றியில் இடுகிறார். அவளை எழுப்பவில்லை, கேட்கவில்லை. அவள் தேடிக்கொண்ட துணையை அவள் தூங்கும்போது விரட்டும் ஏற்பாடு நடக்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் செய்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வெறும் திருநீறுதானா என்று அவருக்கே பிறகு ஐயம் வருகிறது. என்னவென்று தெரியாத ஒன்றை, கேட்காமல், கர்ப்பிணி மனைவியின் நெற்றியில் இட்டிருக்கிறார்! காஞ்சனை எங்கே போனாள் என்று கதை சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மனைவி அந்த ஒரு வரியைச் சொல்கிறாள். கோபமா, கேலியா, செல்லமா? தொனி எழுதப்படவில்லை. அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதும் எழுதப்படவில்லை. பதில் சொல்ல முடியாமல் அவர் நிற்கிறார் என்பது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வார்த்தையை விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு வார்த்தை வராமல் போகும் இடம் அதுதான்.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம்

இந்த மூன்றாவது வாசிப்பு எனக்குப் பிடித்தது என்பதற்காக அதில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிணவாடை காஞ்சனை வருவதற்கு முந்தின இரவிலேயே அடித்துவிடுகிறது. காஞ்சனை மீதான பொறாமையோ வெறுப்போதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், அவள் வருவதற்கு முன்பே வாடை எப்படி வந்தது? அவருடைய மனக்கலக்கம் அவளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். குழந்தை வரப்போகிறது, வீடு மாறப்போகிறது, தூக்கம் போய்விட்டது, அந்தக் கலக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, காஞ்சனை வந்து நின்றாள் என்று வாதிடலாம். ஓரளவு பொருந்துகிறது. முழுக்கப் பொருந்தவில்லை.

அடுத்தது இரத்தம். வாடையைப் பிரமை என்று தள்ளலாம், காலைப் பிரமை என்று தள்ளலாம். இரத்தத்தைத் தள்ளுவது கடினம். “பூச்சி கடித்திருக்கும்” என்று மாணவர் ஒருவர் சொல்லுவார். சொல்லட்டும். ஆனால் அந்த இடத்தைப் படிக்கும்போது நம் முதுகுத்தண்டில் ஓடுவதைப் பூச்சிக்கடி விளக்காது.

ஆக, எந்த வாசிப்பாலும் கதையை முழுசாக மூடிவிட முடியவில்லை. ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டே இருக்கிறது. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. நல்ல பேய்க்கதை இப்படித்தான் இருக்கும். கதையில் எனக்குக் குறையாகத் தெரிவது வேறொன்று. ஜாமக்கோடங்கி மிகச் சரியான நேரத்தில், மிகச் சரியான மருந்தோடு வந்து சேர்கிறார். அதுவரை அங்குலம் அங்குலமாகப் பயத்தை வளர்த்த கதை, அந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறது. கடைசி வரி மட்டும் இல்லையென்றால் முடிவு தளர்ந்துபோயிருக்கும். அந்த ஒரு வரிதான் தூக்கி நிறுத்துகிறது.

நம் ஊர் மூக்குக்கு

சிங்கப்பூர் மாணவருக்கு இந்தக் கதையின் வாடையும் மணமும் அந்நியமல்ல. மலாய் மரபில் பொந்தியானாக் உண்டு. கர்ப்ப காலத்திலோ பிரசவத்திலோ இறந்த பெண்ணின் ஆவி என்பார்கள். பூமணம் அடித்து, பின் துர்நாற்றம் வந்தால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படத்தை இங்கே எடுத்தது. மரியா மெனாடோ நடித்த அந்தப் படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே காகிதம் எரியும் நெடியும் ஊதுபத்தி மணமும் கலந்து மாடிவரை ஏறி வருமே, அதுவும் நம் மாணவர்களுக்குத் தெரியும்.

நறுமணமும் பிணவாடையும் கலந்த ஒரு பெண், அருகில் ஒரு கர்ப்பிணி. தமிழ்க் கதையும் மலாய் நம்பிக்கையும் ஏன் இவ்வளவு பக்கத்தில் வருகின்றன? பிரசவம் உயிருக்கு ஆபத்தாக இருந்த காலத்தின் பயம் இரண்டிலும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஊதுவத்தியை நாம் சாமிக்கும் ஏற்றுகிறோம், பிணத்தின் தலைமாட்டிலும் ஏற்றுகிறோம். ஒரே மணம், இரண்டு வாசல். பிறப்பையும் இறப்பையும் ஒரே அறையில் வைக்க அந்த மணம் ஒன்றே போதும். இதை ‘குறியீடு’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகாமல், எப்படிக் குறியீடாகிறது என்று விளக்கினால்தான் அது திறனாய்வு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவ மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆவி உண்டா, இல்லையா என்பதை அவரவர் வீட்டு நம்பிக்கைக்கு விட்டுவிடுங்கள். கதை எப்படி நம்மை நம்பவைக்கிறது, எங்கே சந்தேகிக்கவைக்கிறது என்பதுதான் நம் பாடம்.

தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு.

“காஞ்சனை பேய் அல்ல, அது கணவரின் மனப்பிரமை” என்று எழுதி நிறுத்தினால் அது கருத்து மட்டுமே. இப்படி எழுதிப் பாருங்கள்: “காஞ்சனையின் கால் தரையில் பதியவில்லை என்று கதைசொல்லிக்குத் தோன்றுகிறது, மறுகணமே பதிந்திருப்பதாகத் தெரிகிறது. தன் கண்ணையே நம்ப முடியாதவராக அவர் இருப்பதால், காஞ்சனையைப் பற்றிய மற்ற விவரங்களையும் வாசகர் ஐயத்தோடு ஏற்க வேண்டியிருக்கிறது. எனினும் மனைவியின் கழுத்தருகே தெரியும் இரத்தத்தை இந்த ஐயம் மட்டும் விளக்கிவிடாது.” கருத்து, சான்று, விளக்கம், மறுப்பு, நாலும் இதில் இருக்கின்றன. நீளமும் அதிகமில்லை.

மனத்தில் வைத்துக்கொள்ள மூன்று விஷயங்கள்:

- “ஆசிரியர் கூற விரும்பியது” என்று தொடங்காதீர்கள். அவர் விரும்பியதை நாம் அறியோம். “கதையில் இவ்வாறு அமைந்துள்ளது” என்று தொடங்குங்கள்.

- கதைசொல்லியும் புதுமைப்பித்தனும் ஒருவரே அல்லர். இருவரும் எழுத்தாளர்கள் என்பதால் குழம்பிவிடாதீர்கள். தன் கதைசொல்லியை அவர் நன்றாகக் கேலி செய்கிறார்.

- உங்கள் வாசிப்புக்குப் பொருந்தாத ஒரு விவரத்தையாவது நீங்களே எடுத்துக்காட்டுங்கள். அதை மறைத்தால் திருத்துபவர் கண்டுபிடிப்பார். நீங்களே சொன்னால் பாராட்டுவார்.

ஆசிரியர்களுக்கு இரண்டு வகுப்புப் பணிகள்

ஒன்று: வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, மேலே சொன்ன மூன்று வாசிப்புகளையும் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் கதையிலிருந்து மூன்று சான்றுகளையும், தங்களுக்கு எதிரான ஒரு சான்றையும் எடுக்க வேண்டும். பிறகு குழுக்கள் எதிர்ச்சான்றுகளை மாற்றிக்கொண்டு பதில் சொல்லட்டும். ஒரு மணி நேரப் பாடத்துக்குச் சரியாக இருக்கும்.

இரண்டு: கடைசிக் காலைக் காட்சியை மனைவி சொல்வதாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். காப்பி கலக்கும்போது அவள் என்ன நினைத்தாள்? நெற்றியில் இருந்த திருநீற்றை எப்போது கண்டாள்? காஞ்சனை இல்லாத வீடு அவளுக்கு எப்படி இருந்தது? படைப்பெழுத்தும் கருத்தறிதலும் இதில் சேர்ந்தே வந்துவிடும். மாணவர் எழுதும் அந்த ஒரு பக்கத்திலேயே அவர் கதையை எவ்வளவு ஆழமாகப் படித்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துபோகும்.

அதற்குப் பிறகும் யாராவது கையைத் தூக்கி, “அப்போ அவ பேயா இல்லையா டீச்சர்?” என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். “யார் சொல்லி உனக்கு அவள் பேய் என்று தோன்றியது?” என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்ப் படிக்கத் தொடங்குவார்கள்.